ஏட்டுச் சுரைக்காயா, கணிதம்?

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது பழமொழி. கணிதத்தைப் பார்த்து இப்படிச் சொல்பவர்கள் இரு வகையினர். ஒரு வகையினர், பள்ளியிலேயே கணிதத்துக்கு அஞ்சி ஓடியவர்கள். அவர்களை விட்டுவிடலாம். மற்றொரு வகையினர், கணிதத்தோடு நாள்தோறும் மல்லுக்கு நிற்கும் பொறியியல் மாணவர்கள். அவர்கள் சொல்லும்போது நாம் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஏனென்றால், கணிதம் கறிக்கு உதவும் இடம் என்று உலகில் ஒன்று உண்டென்றால் அது பொறியியல்தான். அங்கேயே அது ஏட்டுச் சுரைக்காய் ஆகிவிட்டதென்றால் குற்றம் எங்கோ இருக்கிறது.

முதுகலைப் பொறியியல் வகுப்பில் சேருகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதற் பருவத்திலேயே கணிதத் தாள் ஒன்று வந்துவிடும். லாப்லாஸ் உருமாற்றம், ஃபூரியர் உருமாற்றம், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், மாறுபாட்டு நுண்கணிதம், அணிகள், எண்ணியல் முறைகள் என்று அதன் பட்டியல் நீளும். இத்தாளைக் கற்பிப்பவர்கள் யார்? பெரும்பாலும் நம்மைப்போல் கலைக் கல்லூரிகளில் கணிதம் பயின்று வெளியேறியவர்களே. முதுகலைக் கணிதம் இரண்டாம் ஆண்டில் பயிலும் எங்களில் சிலரும் நாளை அந்த வகுப்புகளில் சுண்ணக்கட்டியோடு நிற்கப்போகிறோம். ஆகவே, இது அடுத்த வீட்டுச் சண்டை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கணித முறை எந்தத் தேவையில் பிறந்தது, எதை வைத்துக்கொண்டு எதை விட்டது, எந்த இடத்தில் பொய்த்துப்போகும் என்ற மூன்றையும் சொல்லாத வகுப்பு, பொறியியல் மாணவனுக்குக் கணித வகுப்பே அன்று. அது வாய்பாட்டு மனப்பாடம். மனப்பாடத்தால் தேர்ச்சி கிடைக்கும், பாலம் கிடைக்காது.

எங்கள் தெருவில் அண்ணன் ஒருவர் கட்டமைப்புப் பொறியியலில் முதுகலை பயில்கிறார். சென்ற ஆண்டு தேர்வுக்கு முன் என்னிடம் வந்தார். "தம்பி, லாப்லாஸ்ல இருபது கணக்குப் போட்டுட்டேன். விடை எல்லாம் சரியா வருது. ஆனா இதை எதுக்குப் போடறோம்னுதான் தெரியலை" என்றார். அவரிடம் கணக்கு இருந்தது. என்னிடம் தேற்றம் இருந்தது. இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை. "அண்ணே, உங்க பாடத்திலிருந்தே ஒரு கணக்குச் சொல்லுங்க" என்றேன். இரு முனைகளில் தாங்கிய உத்தரம் ஒன்றின் மேல், இடையில் ஓரிடத்தில் மட்டும் பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது. அதன் வளைவு என்ன? அந்தச் சமன்பாட்டை லாப்லாஸ் முறையில் தீர்த்துக்கொண்டே வந்தோம். விடை வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நாங்க இளங்கலையில படிச்ச மெக்காலே முறை ஆச்சே!" என்றார். ஆம், அதே விடைதான். பாரத்துக்கு இந்தப் பக்கம் சுழி, அந்தப் பக்கம் மதிப்பு என்று அவர் அடைப்புக்குறி போட்டுக் கற்றதை, நாங்கள் படிநிலைச் சார்பு என்ற பெயரில் கற்றிருக்கிறோம். ஒரே சரக்கு, இரண்டு கடைகளில் இரண்டு பெயர்கள். இதை அவருக்குச் சொல்ல ஒரு பருவம் முழுவதும் ஒருவரும் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கிணற்று நீரும் ஃபூரியர் தொடரும்

ஃபூரியர் தொடரை நாம் எப்படித் தொடங்குகிறோம்? கெழுக்களைக் காணும் மூன்று வாய்பாடுகளைக் கரும்பலகையில் எழுதித் தொடங்குகிறோம். ஃபூரியர் அப்படித் தொடங்கவில்லை. பிரெஞ்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் ஆட்சியாளராக இருந்துகொண்டே, திடப்பொருள்களில் வெப்பம் எவ்வாறு பரவுகிறது என்று ஆராய்ந்தார் அவர். 1807-ஆம் ஆண்டு தம் ஆய்வைப் பாரிசில் அறிஞர் குழுவிடம் அளித்தார். அக்குழுவில் இருந்த லக்ராஞ்சி, சைன் கொசைன் தொடர்களை அவர் கையாண்ட விதத்தை ஏற்கவில்லை. நூல் வெளிவந்தது 1822-இல்தான். தொடர் முதலில் வரவில்லை, நண்பர்களே! வெப்பம்தான் முதலில் வந்தது. வெப்பத்துக்கு விடை தேடியபோது தொடர் கிடைத்தது.

நம் ஊர்க் கிணற்றையே எடுத்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் கிணற்று நீர் குளிர்ந்திருக்கிறது; மார்கழி விடியலில் வெதுவெதுப்பாக இருக்கிறது. ஏன்? நிலத்தின் மேற்பரப்பில் வெப்பம் அலையாக ஏறி இறங்குகிறது. பகலிரவு ஓர் அலை; ஆண்டுப் பருவம் மற்றோர் அலை. ஃபூரியரின் சமன்பாட்டைத் தீர்த்தால், ஆழம் செல்லச் செல்ல அலை தேய்கிறது என்றும், தாமதமாகவும் போய்ச் சேருகிறது என்றும் விடை வருகிறது. சாதாரண மண்ணில் பகலிரவு அலை ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் ஆழத்திலேயே மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்துவிடும். ஆண்டு அலையின் காலம் 365 மடங்கு. ஆகவே அது செல்லும் ஆழம் 365-இன் வர்க்கமூலம், அதாவது 19 மடங்கு. இரண்டேகால் மீட்டர் என்று கொள்ளலாம். ஏழு மீட்டர் ஆழத்துக்குப் போனால் பருவ அலையில் நூற்றுக்கு நான்கு பங்குதான் மிஞ்சும்; அதுவும் ஆறு மாதம் தாமதமாக வந்து சேரும். அங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைதான். மாறுவது கிணறு அன்று. வெளியே நிற்கும் நாமும் காற்றும்தான்.

இந்தக் கணக்கைச் சொல்ல ஒரு வகுப்பு நேரம் போதும். இதைக் கேட்ட மாணவன் ஃபூரியரை மறப்பானா? நிலத்தடிக் குழாய் எத்தனை ஆழத்தில் போகவேண்டும் என்று கேட்டால் விழிப்பானா?

கடலடியில் ஒரு பாடம்

தேவை ஒரு முறையைப் பெறும். அதே முறை வேறோர் இடத்தில் போய் உதவும். கணிதத்தின் பெருமையே இதுதான். வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்றவர், பதினாறு வயதுக்குள் ஃபூரியரின் நூலைப் படித்து முடித்தவர். கடலடியில் தந்திக் கம்பிவடம் போடும் பேச்சு எழுந்தபோது, கம்பிவடத்தில் மின்குறி பரவுவதும் தண்டில் வெப்பம் பரவுவதும் ஒரே சமன்பாட்டுக்கு அடங்கும் என்று 1855-இல் அவர் எழுதினார். அதிலிருந்து ஒரு முடிவு தானாக வந்து விழுந்தது. கம்பிவடத்தின் நீளம் இரு மடங்கானால் தாமதம் இரு மடங்கு அன்று, நான்கு மடங்கு.

அட்லாண்டிக் தந்திக் கம்பெனியின் மின் வல்லுநராக இருந்த ஒயிட்ஹவுஸ், இந்த வர்க்க விதியை ஏற்கவில்லை. தம் சோதனைகளையே நம்பினார். 1858 ஆகஸ்டில் கம்பிவடம் இரு கரைகளையும் இணைத்தது. விக்டோரியா அரசியாரின் வாழ்த்துச் செய்தி, நூறு சொற்களுக்கும் குறைவானது, போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. குறி மங்கலாக வருகிறதென்று ஒயிட்ஹவுஸ் ஏறத்தாழ 2000 வோல்ட்டு மின்னழுத்தம் கொடுத்தார். ஏற்கெனவே பழுதுபட்டிருந்த கம்பிவடம் சில வாரங்களுக்குள் ஊமையாயிற்று. தாம்சனின் கணக்கு எதைக் கேட்டது? தடித்த செம்புக் கம்பி, நல்ல காப்புறை, மிக மெல்லிய மின்னோட்டத்தையும் உணரும் கருவி. இவற்றையெல்லாம் ஏற்று 1866-இல் போடப்பட்ட கம்பிவடம் நிலைத்தது.

இக்கதையின் மறுபாதி ஆலிவர் ஹெவிசைடு என்பவருடையது. பதினாறு வயதில் பள்ளியை விட்டவர். தந்தி இயக்குநராக வேலை பார்த்தவர். பிறகு தாமாகவே கணிதம் கற்றவர். தாம்சன் விட்டுவிட்ட மின்தூண்டலையும் சேர்த்துக்கொண்டு, தந்தி வடத்தின் முழுச் சமன்பாட்டை எழுதினார். வகையிடுதலையே ஓர் எழுத்தாகக் கருதி, அதைக் கூட்டியும் வகுத்தும் விடை கண்டார். நிறுவல் இல்லை என்று சொல்லி, அவருடைய கட்டுரையின் மூன்றாம் பகுதியை 1894-இல் ராயல் கழகம் வெளியிட மறுத்தது. பின்னர் 1916-இல் பிராமிச்சும், 1937-இல் தம் நூலின் வழியே டாய்ச்சும், அவர் செய்தது சரியே என்பதற்கு லாப்லாஸ் உருமாற்றத்தைக் கொண்டு அடித்தளம் இட்டார்கள். எங்கள் தெரு அண்ணன் இருபது கணக்குப் போட்டாரே, அந்தப் பாடம் இப்படிப் பிறந்தது.

எதை விடுவது?

பொறியியல் கணிதத்தின் உயிர்நிலை தோராயம். எல்லாவற்றையும் கணக்கில் கொள்ள எவராலும் முடியாது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதே அங்கு அறிவு.

பாகுநிலை இல்லாத பாய்மத்தில் சீராகச் செல்லும் பொருளுக்குத் தடையே இராது என்று 1752-இல் தலாம்பேர் கணக்கிட்டுக் காட்டினார். ஆற்றில் இறங்கி நடந்த சிறுவனும் இதை நம்பமாட்டான். காற்றின், நீரின் பாகுநிலை மிகச் சிறியது. அதை விட்டால் என்ன குறைந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், 1904-இல் ஹைடல்பர்கில் கூடிய உலகக் கணித மாநாட்டில், பொறியியல் பயின்ற லுட்விக் பிரான்டில் ஒரு சிறு கட்டுரை படித்தார். பாகுநிலையை வெளியே விட்டுவிடலாம். ஆனால் பொருளின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில் விடமுடியாது என்றார். அந்த எல்லைப் படலத்திலிருந்துதான் இன்றைய வானூர்திக் கணக்குகள் கிளைத்தன.

இதன் கணிதம் முதுகலை மாணவருக்கு எட்டாததன்று. ஒரு சிறு எண்ணால் பெருக்கிய இரண்டாம் வகைக்கெழுவோடு முதல் வகைக்கெழுவைக் கூட்டினால் சுழி என்று ஒரு சமன்பாடு வைத்துக்கொள்வோம். ஒரு முனையில் விடை 0 ஆகவும், மறுமுனையில் 1 ஆகவும் இருக்கவேண்டும். சிறு எண்தானே என்று முதல் உறுப்பை விட்டால், விடை ஒரு மாறிலி. மாறிலி ஒரே சமயத்தில் 0 ஆகவும் 1 ஆகவும் இருக்குமா? ஒரு முனையின் நிபந்தனை கைவிட்டுப் போய்விடுகிறது. உண்மையான விடை பெரும்பகுதியில் 1. முதல் முனையை ஒட்டிய மிகக் குறுகிய இடத்தில் மட்டும் சரேலென்று 0-விலிருந்து ஏறுகிறது. சிறியது என்பதற்காக ஒன்றை ஒதுக்கிவிடாதே, அது எதைப் பெருக்கிக்கொண்டு நிற்கிறது என்று பார் என்பதே பாடம். இந்தப் பாடத்துக்கு மூன்று வரிச் சமன்பாடு போதும். அதைச் சொல்லாமல் முப்பது கணக்குகள் போடுகிறோம்.

கணக்குச் சரி, முடிவு?

கணக்கில் பிழையே இல்லாமல் முடிவு தவறாகலாம். இதற்கும் கெல்வினே சான்று. பூமி உருகிய நிலையிலிருந்து ஆறியது என்று கொண்டு, ஃபூரியர் சமன்பாட்டால் அதன் வயதை 1862-இல் கணக்கிட்டார். 2 கோடி ஆண்டுகளுக்கும் 40 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது என்றார். புவியியலாளர்கள் திகைத்தார்கள், அவர்கள் கண்ட பாறை அடுக்குகளுக்கு அந்தக் காலம் போதவில்லை. ஆனால் கெல்வினின் கணக்கை எதிர்க்க அவர்களிடம் கணிதம் இல்லை.

எதிர்த்தவர் ஒரு பொறியியல் ஆசிரியர். கெல்வினிடம் முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி. பூமியின் உட்பகுதி மேலோட்டைவிட நன்றாக வெப்பம் கடத்தினால் என்னவாகும் என்று 1895-இல் அவர் கேட்டார். உள்ளே பொருள் மெல்ல மெல்லப் புரண்டு ஓடினாலும் அதே விளைவுதான். அப்படிக் கொண்டால் வயது நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகளுக்கு உயர்ந்துவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினார். இன்று நாம் அறிந்த வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். சமன்பாட்டைத் தீர்த்ததில் கெல்வின் தவறவில்லை. உட்பகுதி முழுவதும் கட்டித் திடப்பொருள் என்று எடுத்துக்கொண்டதில்தான் தவறினார்.

இதே பெர்ரிதான் பொறியாளர்களுக்கான நுண்கணித நூலை எழுதியவர்; கணிதத்தைப் பயனோடு இணைத்துக் கற்பிக்கவேண்டும் என்று 1901-இல் கிளாஸ்கோவில் வாதாடியவர். ஆசானின் கருதுகோளைக் கேள்வி கேட்டதும், வகுப்பறையைக் கேள்வி கேட்டதும் ஒரே மனம் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

கணிப்பொறி இருக்கக் கவலை ஏன்?

'இதெல்லாம் பழங்கதை, இன்று மென்பொருள் எல்லாவற்றையும் போட்டுத் தருகிறது, செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது' என்பார் உண்டு. அவர்களுக்கு நார்வே நாட்டு ஸ்லைப்னர் எண்ணெய் மேடையின் கதையைச் சொல்வேன். ஸ்டவாங்கர் நகரை அடுத்த கடற்கழியில், 1991 ஆகஸ்ட் 23 அன்று, அந்த மேடையின் மாபெரும் காங்கிரீட்டு அடித்தளத்தை நீரில் அமிழ்த்திச் சோதித்தார்கள். ஏறத்தாழ 65 மீட்டர் ஆழத்தில் ஒரு சுவர் பிளந்தது. அடித்தளம் முழுவதும் மூழ்கி நொறுங்கியது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் இழப்பு ஏறத்தாழ 70 கோடி டாலர். காரணம் என்ன? வரம்புறு கூறு முறையில் கணிப்பொறி போட்ட கணக்கு, சுவர்களின் வெட்டுத் தகைவை 47 விழுக்காடு குறைத்துக் காட்டிவிட்டது. கூறுகளை அங்கே போதிய நுட்பத்தோடு பகுக்கவில்லை. கம்பி கட்டிய முறையும் போதவில்லை. பிறகு கவனமாகப் போட்ட கணக்கு, 62 மீட்டரில் சுவர் உடையும் என்று சொன்னது. நடந்ததோ 65. முறை பொய்யன்று, கையாண்ட விதம் பொய்.

கணிப்பொறி எப்போதும் ஒரு விடை தரும். அது நம்பத்தக்கதா என்று கேட்பவன் மனிதன். கையால் ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரியாதவனிடம் மென்பொருளைக் கொடுப்பது, நீந்தத் தெரியாதவனிடம் தோணியைக் கொடுப்பது போலத்தான்.

மறுப்பும் மறுமொழியும்

நான் இவ்வாறு பேசும்போது மூத்தோர் சிலர் மறுப்பதுண்டு. நேரம் போதாது என்பது முதல் மறுப்பு. உண்மைதான். ஆனால், ஒரே வகைக் கணக்கை எண் மாற்றி எண் மாற்றிப் பத்துமுறை போடுவதில் ஐந்தைக் குறைத்தால், ஒவ்வொரு முறையின் வரலாற்றுக்கும் வரம்புக்கும் ஒரு மணி நேரம் கிடைத்துவிடும்.

தேர்வில் இது வராதே என்பது இரண்டாவது மறுப்பு. வரச்செய்யவேண்டும் என்பதே என் கட்சி.

பொறியாளனுக்கு நிறுவல் எதற்கு, ஹெவிசைடு நிறுவலா செய்தார் என்பது மூன்றாவது. இதற்கு மட்டும் கொஞ்சம் அழுத்தமாகவே விடை சொல்வேன். ஹெவிசைடிடம் நிறுவல் இல்லை. ஆனால் கம்பிவடம் இருந்தது. தவறான விடை வந்தால் வடம் காட்டிக்கொடுத்துவிடும். நம் மாணவனிடம் நிறுவலும் இல்லை, கம்பிவடமும் இல்லை. இரண்டில் ஒன்றையாவது அவன் கையில் கொடுக்கவேண்டாமா?

என்ன செய்யலாம்?

பெரிய குழுக்கள் கூடித் தீர்மானிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நம் கல்லூரி அளவில் நான் வேண்டுவன இவை.

ஒன்று, நம் முதுகலைக் கணித வகுப்பில் வகைக்கெழுச் சமன்பாட்டுப் பாடத்தின் ஒவ்வோர் அலகும், தேற்றத்துக்கு முன் ஓர் உண்மைச் சிக்கலோடு தொடங்கட்டும். இரண்டு, உள்தேர்வுகளிலேனும் 'இம்முறை எங்கே பயன்படாது?' என்றொரு வினா கட்டாயம் இடம்பெறட்டும். மூன்று, நம் கணித மன்றம் ஆண்டில் இருமுறையாவது பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்களை அழைக்கட்டும். அவர்கள் சிக்கலைக் கொண்டு வரட்டும். நாம் முறையைக் கொண்டு போவோம். சொற்போட்டியும் பட்டிமன்றமும் நடத்தும் அரங்கில் இதற்கும் இடமுண்டு. நான்கு, இயற்பியல் துறை ஆய்வுக்கூடத்தின் வெப்பமானி ஒன்றும், ஒரு செம்பு வெந்நீரும் போதும். ஆறும் நீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, சமன்பாடு சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒட்டிவராத இடத்தில் ஏன் என்று கேட்கும்போதுதான் பயன்பாட்டுக் கணிதம் தொடங்குகிறது.

ஆசிரியப் பெருமக்கள் இதைக் குறை கூறுதலாகக் கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறேன். நிறுவலின் கட்டுப்பாட்டை எங்களுக்கு ஊட்டியவர்கள் அவர்களே. அந்தக் கட்டுப்பாடு பொறியியல் வகுப்பறைக்கும் போய்ச் சேரவேண்டும். அங்கிருந்து உத்தரமும் கம்பிவடமும் எல்லைப் படலமும் இங்கே வந்து சேரவேண்டும் என்பதே என் அவா.

சுரைக்காய் கறிக்கு உதவும், நண்பர்களே! விதையை மண்ணில் ஊன்றவேண்டும், அவ்வளவுதான். நாளை பொறியியல் மாணவர்கள் முன் நிற்கப்போகும் நாம், ஏட்டை மட்டும் எடுத்துச் செல்லாமல் ஒரு கைப்பிடி மண்ணையும் எடுத்துச் செல்வோம்.